சிம்மைக் கழற்றினாலும் செட்டு விலை போகணும்

மதுரை மீனாட்சி பஜாரிலோ உசிலம்பட்டி கடைவீதியிலோ போன் வாங்க வருகிறவர் யாரும் "இது எந்தத் தொழில்நுட்பம்?" என்று கேட்பதில்லை. "எங்க ஊர்ல டவர் எடுக்குமாண்ணே?", "எந்த சிம் போட்டாலும் ஓடும்ல?", "ஆறு மாசம் கழிச்சுக் கொடுத்தா என்னத்துக்கு எடுப்பீங்க?" கேள்வி இந்த மூன்றுதான். மூன்றுக்கும் பதில் அந்தத் தொழில்நுட்பத்துக்குள்தான் கிடக்கிறது. ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ இரண்டும் போனும் டவரும் பேசிக்கொள்ளும் இரு வேறு முறைகள். ஜிஎஸ்எம் நிலைத்ததற்கும் சிடிஎம்ஏ ஒழிந்ததற்கும் காரணம் தேடி ஆய்வறிக்கை புரட்ட வேண்டாம். கவுண்டரில் நாலு நாள் நின்றால் போதும்.

சிடிஎம்ஏ மோசமான சரக்கு என்று இன்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 2002 டிசம்பர் 28 அன்று சிடிஎம்ஏ சேவையை அறிமுகம் செய்தது. 2003 ஜூலையில் 501 ரூபாய் கட்டினால் செட்டு கையில் என்ற திட்டம் வந்தது. அதுவரை செல்போன் என்பது டாக்டர், வக்கீல், ஜவுளிக்கடை முதலாளி இடுப்பில் தொங்கும் பொருள். வருகிற காலுக்கே காசு போன காலம் அது, 2003 மே மாதம்தான் அது ஒழிந்தது. இந்த நிலையில் 501 ரூபாய்க்குப் போன் என்றால் கூட்டம் வராமல் என்ன செய்யும்?

குரலும் அதில் தெளிவு. ஜிஎஸ்எம் போன் ஒரே அலைவரிசையை எட்டு நேரத் துண்டுகளாக வெட்டி, தன் முறை வரும்போது மட்டும் வீச்சாக அனுப்பும். நொடிக்கு 217 முறை இந்த வீச்சு. ரேடியோப் பெட்டி, டிவி ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்தால் கால் வருவதற்கு முன்பே "டிக்டிக்டிக் டுர்ர்" என்று இரையுமே, அது இதனால்தான். சிடிஎம்ஏவில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அகலத்தில் பேசுவார்கள், ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீடு. எனவே அந்த இரைச்சல் இல்லை. ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இரண்டையும் சிறிது நேரம் சேர்த்தே பிடித்துக்கொள்ளும், அதனால் பஸ்ஸில் போகும்போது கால் அறுவது குறைவு. செட்டு வீசும் சக்தியும் குறைவு: 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம் செட்டு உச்சத்தில் 2 வாட் வரை போகும், சிடிஎம்ஏ செட்டு கால் வாட்டுக்குள் அடங்கிவிடும்.

குறை இல்லாமலும் இல்லை. எல்லோரும் ஒரே அகலத்தில் பேசுவதால், கூட்டம் ஏற ஏற டவரின் எல்லை சுருங்கும். பகலில் ஓரத்து வீட்டுக்கு எட்டிய சிக்னல், சாயங்காலம் ஊரே பேச ஆரம்பித்ததும் எட்டாமல் போகும். "காலைல எடுத்துச்சு, இப்ப எடுக்கல" என்று வந்தவர்களின் போனில் பழுது இருந்திருக்காது.

ஆனால் சிடிஎம்ஏ தோற்ற இடம் டவர் இல்லை. செட்டின் முதுகு. பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி இருக்கும், சிம் இருக்காது. நம்பரையும் செட்டையும் நிறுவனத்தின் கணினியில் செட்டின் வரிசை எண்ணை வைத்துக் கட்டிப்போட்டிருப்பார்கள். செட்டு மாற்ற வேண்டுமா, நிறுவனக் கடைக்குப் போய் புது வரிசை எண்ணைப் பதிய வேண்டும். அதுவும் அவர்கள் விற்ற செட்டாக இருக்க வேண்டும். கழற்றி மாட்டும் அட்டையுள்ள சிடிஎம்ஏ செட்டுகள் பின்னால் வந்தன. வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது ரிப்பேர் மேசைக்குத் தெரியும். கீபேட் போய்விட்டது, இரண்டு நாள் ஆகும் என்றால், ஜிஎஸ்எம்காரர் சிம்மைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செட்டை மட்டும் விட்டுப் போவார். வீட்டில் கிடக்கும் பழைய செட்டில் போட்டுப் பேசுவார். சிடிஎம்ஏகாரருக்குச் செட்டோடு நம்பரும் மேசையில் கிடக்கும். மார்க்கெட்டில் காய் ஏற்றி இறக்குகிறவர், வாடகை வண்டி ஓட்டுகிறவர் இரண்டு நாள் நம்பர் இல்லாமல் இருக்க முடியாது.

அடுத்து செகண்ட்ஸ் விலை. 2003இல் வந்த நோக்கியா 1100, டார்ச் லைட் வைத்த அந்தக் கட்டைப் போன், வாங்கின மறுவாரமே விற்றாலும் காசு. யார் வாங்கினாலும் அவர் சிம் அதில் ஓடும். அதே விலைக்கு வாங்கின சிடிஎம்ஏ செட்டை எடுக்க ஆள் இல்லை. இங்கே செல்போன் கிட்டத்தட்ட நகை மாதிரி. அவசரத்துக்கு விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், அடகும் வைக்கலாம். அடகுக்குப் போகாத பொருளுக்கு வீட்டில் மதிப்புக் கிடையாது.

மூன்றாவது காரணம் வெளிநாடு. மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பது சாதாரணம். லீவுக்கு வருகிறவர் கொண்டுவரும் செட்டு ஜிஎஸ்எம். இறங்கியதும் உள்ளூர் சிம்மைப் போட்டுப் பேசலாம், போகும்போது மச்சானிடம் கொடுத்துவிட்டும் போகலாம். சிடிஎம்ஏவுக்கு அந்த வழியே அடைபட்டிருந்தது. உலகத்தின் பெரும்பகுதி ஜிஎஸ்எம் என்பதால் செட்டு வகையும் அதிகம், விலையும் சரிந்துகொண்டே வந்தது. பிறகு டபுள் சிம் சைனா செட்டுகள் குவிந்தன. ஐஎம்இஐ, அதாவது செட்டுக்குச் செட்டு தனியாக உள்ள அடையாள எண், இல்லாத செட்டுகளை 2009 டிசம்பர் முதல் முடக்கியபோது, பணம் கட்டி ஐஎம்இஐ ஏற்றிக்கொள்ள வரிசையில் நின்றார்களே தவிர, சிடிஎம்ஏ பக்கம் யாரும் திரும்பவில்லை. அதே 2009இல் டாடா டோகோமோ ஜிஎஸ்எம்மில் நொடிக்கு ஒரு பைசா என்று இறங்கியது. மற்றவர்களும் பின்னால் வர வேண்டியதாயிற்று, விலையில் சிடிஎம்ஏவுக்கு இருந்த மிச்சச் சலுகையும் கரைந்தது.

2011 ஜனவரி 20 முதல் நம்பரை வைத்துக்கொண்டே நெட்வொர்க் மாறலாம் என்றானபோது சிடிஎம்ஏ நம்பரும் ஜிஎஸ்எம்முக்கு வந்தது. செட்டு வரவில்லை. டெஸ்க்கில் வைக்கும், வயர் இழுக்காத லேண்ட்லைனான டபிள்யூஎல்எல் போன், பெட்டிக்கடை வாசலின் ஒரு ரூபாய் காயின் போன், கம்ப்யூட்டரில் செருகும் நெட் டாங்கிள் இந்த மூன்றில்தான் சிடிஎம்ஏ கடைசிவரை காலத்தை ஓட்டியது. மூன்றுமே யாரும் செட்டு மாற்ற நினைக்காத இடங்கள் என்பதைக் கவனியுங்கள்.

பூட்டு அதோடு ஒழியவில்லை, வேறு வேஷத்தில் வந்தது. 2016 செப்டம்பர் 5இல் ஜியோ தொடங்கியபோது அதில் பழைய ஜிஎஸ்எம்மான 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பேச்சும் 4ஜியின் வழியே, அதாவது வோல்டிஇ. வோல்டிஇ இல்லாத 4ஜி போனில் நெட் ஓடும், கால் போகாது. அதற்குத் தனி ஆப் போட்டுப் பேசினார்கள். 2017இல் வந்த 1,500 ரூபாய் டெபாசிட் ஜியோபோனில் வேறு நிறுவனத்தின் சிம் ஓடாது. ஆனாலும் ஜனம் வாங்கியது. 501 ரூபாய்த் திட்டத்தில் நடந்ததேதான். விலை பாதாளத்துக்கு இறங்கினால் பூட்டைப் பொறுத்துக்கொள்வார்கள், எல்லோரும் ஒரே விலைக்கு வந்ததும் சாவியைத் தேடுவார்கள். இன்னொரு வேடிக்கை: அன்று சிடிஎம்ஏ ஓடிய 800 மெகாஹெர்ட்ஸ் வரிசைதான் இன்று 850 என்ற பெயரில், பேண்ட் 5 என்ற அலைவரிசை எண்ணில், ஜியோவின் 4ஜியைக் கிராமத்துக்குள் கொண்டுபோகிறது.

இனி, இன்றைக்குத் தேர்ந்தெடுக்கிறவருக்கு.

முதலில் பட்டன் போன். அம்மாச்சிக்கு ஒரு பட்டன் போன் வாங்குகிறவர்கள் அட்டையில் "4ஜி" என்று இருக்கிறதா பார்க்காமல் எடுத்துவிட்டு, ஜியோ சிம்மைப் போட்டு "சிம் செத்துப்போச்சு" என்று வருகிறார்கள். சிம் சாகவில்லை. 2ஜி செட்டுக்கு அங்கே டவரே கிடையாது. ஒரே பெயரில் 2ஜி, 4ஜி என இரண்டு மாடல் வருவதால் இந்தக் குழப்பம். ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் சிம் என்றால் 2ஜி செட்டில் இன்றும் பேசலாம்.

அடுத்தது மோட்டார் ஸ்டார்ட்டர். வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டி பக்கம் கிணற்று மோட்டாரைப் போனிலேயே போடும் பெட்டி இப்போது ஏகப்பட்ட தோட்டங்களில் இருக்கிறது. மும்முனைக் கரண்ட் வந்ததும் தகவல் தரும், ஒரு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். நெட்வொர்க் தேர்வு வயிற்றைத் தொடுவது இங்கேதான். கடையில் ஆகச் சலுகையான சிம் எது என்று பார்த்துப் போட்டு ஏமாறுகிறவர்களும் இங்கேதான் அதிகம்.

பெட்டிக்குள் சிம்மை வைத்து டவரோடு பேசும் பகுதி, பெரும்பாலும் 2ஜி மாட்யூல். அதில் ஜியோ சிம் எந்தக் காலத்திலும் பதியாது. மாட்யூல் போர்டில் ஒரு சின்ன லைட் இருக்கும். பரவலாக உள்ள சிம்800, சிம்900 வகைகளில், அது நொடிக்கொரு முறை வேகமாக மினுக்கினால் டவர் தேடிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். மூன்று நொடிக்கு ஒருமுறை நிதானமாக மினுக்கினால் நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டது. ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

வேகமாகவே மினுக்குகிறதா? முதலில் அந்த சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டுப் பாருங்கள். பின் நம்பர் கேட்டால் அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள். பின் நம்பர் பூட்டுப் போட்ட சிம்மைப் பல பெட்டிகள் திறக்காது. போனில் சிம் சரியாக இருந்தால் அடுத்து அடாப்டர். பெட்டியில் பெரிய அளவு சிம் இடம் இருக்கும், கையில் நானோ சிம் இருக்கும். பிளாஸ்டிக் அடாப்டரில் நானோவைச் செருகிப் போடும்போது மோட்டார் அதிர்வில் அது நகர்ந்துவிடும். சிம் எடுக்கும்போதே நானோவாக உடைக்காமல் முழு அளவில் கேட்டு வாங்குங்கள். அடுத்து ஆன்டெனா. தகரப் பெட்டிக்குள் ஆன்டெனாவைச் சுருட்டி வைத்துவிட்டு டவர் இல்லை என்றால் எப்படி வரும்? வயரை வெளியே இழுத்து, கொட்டகைக் கூரைக்கு மேல் நெட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டும்.

டவரில் சேர்கிறது, கால் வந்ததும் அணைந்து மறுபடி எரிகிறது என்றால் அது பவர் கோளாறு. முன்னால் சொன்ன அந்த வீச்சு இருக்கிறதே, அனுப்பும் ஒவ்வொரு தடவையும் மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். உள்ளே இருக்கும் பேட்டரி தளர்ந்துபோயிருந்தால் மின்னழுத்தம் 3.4 வோல்ட்டுக்குக் கீழே விழுந்து மாட்யூல் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். பேட்டரியை மாற்றினால் சரியாகும். டவர் தூரமாக இருந்தால் வீச்சு இன்னும் அதிகம், பேட்டரி இன்னும் சீக்கிரம் போகும்.

யாரும் கூப்பிடாமல் நடுராத்திரியில் மோட்டார் ஓடினால் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. விளம்பர கால். பதிந்த நம்பர்களை மட்டும் ஏற்கும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். ரீசார்ஜ் முடிந்ததும் முதலில் நிற்பது பெட்டி நமக்கு அனுப்பும் பதில் எஸ்எம்எஸ்ஸும் காலும். இந்த சிம்முக்கு நெட் தேவையில்லை. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளைத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது, நீண்ட நாள் பேக்காகப் பார்த்துப் போடுங்கள். புதுப்பெட்டி வாங்குவதானால் 4ஜி மாட்யூல் உள்ளதாகக் கேளுங்கள். 3ஜி நம் கண் முன்னே பெரும்பாலும் போய்விட்டது, 2ஜிக்கும் யாரும் ஆயுள் உத்தரவாதம் எழுதித் தரவில்லை. (பெட்டிக்குள் பல்லி நுழையும் ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். இதற்கு எந்தத் தொழில்நுட்பத்திலும் மருந்து இல்லை.)

வெளிநாட்டுச் செட்டு அந்தக் காலம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற சரக்கு இல்லை. ஜிஎஸ்எம் காலத்தில் 900, 1800 இரண்டும் இருந்தால் முடிந்தது கதை. 4ஜியில் பேண்டு பார்க்க வேண்டும். நம் நாட்டில் புழங்குபவை 1, 3, 5, 8, 40, 41. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 28ம் வேண்டும். முழு மாடல் நம்பரை வைத்து இந்தப் பட்டியலைச் சரிபாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு பேண்டு மாறும். பேண்டு இருந்தும் நம் நெட்வொர்க்குக்கு வோல்டிஇ திறக்காத செட்டுகளும் உண்டு. ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய் கேரியர் லாக் என்ற வரியில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று வருகிறதா பாருங்கள். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14க்கு சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். சாம்சங் சில மாடல்களில் வாங்கின நாட்டு சிம்மைப் போட்டு ஐந்து நிமிடம் பேசினால்தான் பூட்டு திறக்கும். ஊருக்குக் கிளம்புமுன் அங்கேயே பேசிவிட்டு வரச் சொல்லுங்கள், இங்கே வந்தபின் கஷ்டம். எந்தச் செட்டாக இருந்தாலும் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ, அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

நெட்வொர்க் மாறுவதற்கு முன் அளந்து பாருங்கள். கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு கம்பெனிப் போனும் கோட்டை வேறு கணக்கில் போடுகிறது. ஆண்ட்ராய்டில் அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று எண் வரும், ஐபோனில் *3001#12345#* அடிக்கலாம். 4ஜியில் மைனஸ் 90க்குள் இருந்தால் அருமை, மைனஸ் 105 வரை பிழைக்கலாம், மைனஸ் 115 தாண்டினால் பேச்சு அறுபடும். மைனஸ் குறியை விட்டுப் பார்த்தால், எண் சிறியதாக இருக்க இருக்கத்தான் நல்லது. கட்டில் தலைமாட்டில், அடுப்படியில், கிணற்றடியில் தனித்தனியாகப் பாருங்கள். தெருவில் நின்று அளந்து பிரயோசனமில்லை. அந்த நெட்வொர்க் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் சிம்மை அரைமணி நேரம் வாங்கிப் போட்டாலே போதும்.

காலையிலும் இரவு 9 மணிக்கும் எண் ஒரே மாதிரி இருந்து, இரவில் மட்டும் நெட் சுத்துகிறது என்றால் டவரில் நெரிசல். போனை மாற்றிப் பயனில்லை. எண்ணே மோசம் என்றால் தடுப்பு ஏதோ இருக்கிறது. நாகமலைக்கு ஒருபக்கம் முழுக் கோடும், மலைக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமலும் போவது அந்த வகை. குறைந்த அலைவரிசை, அதாவது 700, 850, 900, மலை மடிப்பிலும் சுவரிலும் கொஞ்சம் வளைந்து நுழையும். 5ஜிக்கு முக்கியமாகப் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்கு அந்தப் பழக்கம் இல்லை. மாசி வீதிப் பக்கம் பழைய தடிச் சுவர் வீடுகளில் வாசலில் 5ஜி, முற்றம் தாண்டினால் 4ஜி என்று தாவிக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் கரையும். அங்கே 4ஜியில் நிறுத்தி வைப்பது உத்தமம். ஜியோ 5ஜி தனித்து ஓடுவது, ஏர்டெல் 4ஜியைப் பிடித்துக்கொண்டு ஓடும் முறையில் தொடங்கியது. ஆரம்பகால 5ஜி போன்களில் சில ஒரு முறையை மட்டும் அறியும், எனவே இதையும் மாடல் நம்பரோடு பார்க்க வேண்டும்.

மாறுவது என்று முடிவானால்: ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, இடம் விட்டு நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ். ரீசார்ஜ் முடிந்த நம்பரிலும் இந்த எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பது விதி. மாறுவதற்கான எட்டு எழுத்துக் குறியீடு வரும், நம் மாநிலத்தில் நான்கு நாள்தான் செல்லும். இப்போதைய நெட்வொர்க்கில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கக் கூடாது. 2024 ஜூலை முதல், தொலைந்த சிம்முக்கு மாற்று எடுத்து ஏழு நாள் ஆகாவிட்டாலும் குறியீடு வராது. மாநிலத்துக்குள் மாற மூன்று வேலை நாள் ஆகும். மிச்சப் பேலன்ஸ் புது நெட்வொர்க்குக்கு வராது, அதனால் பேக் முடியும் வாரத்தில் போடுங்கள். பழைய சிம்மில் சர்வீஸ் நின்ற பிறகே புது சிம்மைப் போட வேண்டும். பேங்க் வேலை, கேஸ் புக்கிங் எதையும் அந்த நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது சிம் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். 1999இல் தொடங்கி தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் அடங்கியபோது, பேங்க், ஆதார் எல்லாவற்றையும் அந்த ஒரே நம்பரில் வைத்திருந்தவர்கள் குறியீடு எடுக்கக்கூட டவர் இல்லாமல் தவித்தார்கள். 90 நாள் தொடாமல் விட்டால் நம்பர் போய்விடும். ப்ரீபெய்டில் 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு தக்கவைக்கும் வசதி உண்டு.

கடைசியாகச் சித்திரைத் திருவிழா. கள்ளழகர் வைகையில் இறங்கும் காலையில் எந்த நிறுவனத்தின் முழுக் கோடும் பொய். தற்காலிக டவர் நிறுத்தினாலும் லட்சம் பேர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பினால் வழி அடைத்துவிடும். பேச வேண்டுமானால் டேட்டாவை அணைத்து, 2ஜி உள்ள சிம் என்றால் 2ஜிக்கு இறக்கிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்புங்கள், கொஞ்சம் பிந்தினாலும் போய்ச் சேரும். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் பாலத்தின் எந்தப் பக்கம், எந்தக் கடை வாசலில் நிற்பது என்று முந்தின நாள் ராத்திரியே பேசி வைத்துக்கொள்வார்கள்.